பேராக் தமிழர் கதை – 23: மின்சாரம் எட்டாத லயத்தில் கித்தார்

சென்ற இதழை அவசரகாலம் முடிந்த நாளோடு நிறுத்தியிருந்தோம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டித் தொடங்கிய கெடுபிடி, 1960 ஜூலை 31-இல்தான் அதிகாரபூர்வமாக ஓய்ந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டத்து ஜனங்கள் எதையெல்லாம் இழந்தார்கள் என்று கணக்கெடுத்தால், இரவு நேரத்தை இழந்ததற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். லயங்களைச் சுற்றி முள்வேலி, இருட்டினால் ஊரடங்கு, அரிசிக்குக்கூடப் பங்கீடு. விடிய விடிய நடந்த கூத்தும் நாடகமும் சுருங்கிப் போயின. அடுத்த தோட்டத்துத் திருவிழாவுக்கு நடந்து போய்த் திரும்புவது உயிருக்கே ஆபத்தான காரியமாக இருந்தது.

இரவு மறுபடி கைக்கு வந்தபோது பதினைந்து, பதினாறு வயதில் இருந்த பிள்ளைகளைப் பற்றியது இந்த வாரக் கதை. அப்பனும் பாட்டனும் அறியாத ஒரு வாத்தியத்தை அவர்கள் கையில் எடுத்தார்கள்.

மலேசியப் பாட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் அறுபதுகளைப் ‘பாப் யே யே’ காலம் என்பார்கள். மூன்று மின்கித்தார், ஒரு செட் டிரம்ஸ், முன்னால் ஒரு பாடகர். இப்படிப்பட்ட குழுவுக்கு மலாயில் ‘குகிரான்’ என்று பெயர். எம். ஒஸ்மான் பாடிய ‘சுசானா’ 1964-இல் இந்த அலையைக் கிளப்பியது என்பார்கள். அதன் பிறகு ஏ. ரம்லி, ஜெஃப்ரிடின் என்று பெயர்கள் வரிசையாக வரும். சிங்கப்பூரின் ‘தி குவெஸ்ட்ஸ்’ தனியாகப் பேசப்படும். இந்தப் பட்டியல்களில் தமிழ்ப் பெயரைத் தேடினால் அத்தி பூத்தாற்போல்தான் கிடைக்கும். அதை வைத்து, ரப்பர் தோட்டத்துத் தமிழனுக்கு ராக் அண்ட் ரோல் எட்டவே இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அது எட்டியது, நன்றாகவே எட்டியது. சென்னைக்குப் போய், கோடம்பாக்கத்தில் வேட்டி கட்டிக்கொண்டு, சினிமாப் பாட்டு என்ற பெயரில் நம் வாசலுக்கு வந்ததால் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் அது வந்த வழி ஒன்று அல்ல. முதல் வழி பட்டாளம். அவசரகாலத்தில் பேராக்கின் காடுகளில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் சுற்றின. 1959-60-இல் சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரங்களில் ஆஸ்திரேலியப் பட்டாளம் இருந்தது. தைப்பிங் முன்பே பட்டாள ஊர். வடக்கே பட்டர்வொர்த் விமானத் தளத்தை 1958-இல் ஆஸ்திரேலிய விமானப்படை ஏற்றுக்கொண்டது. தளத்துக்கென்று சொந்த வானொலியே நடத்தினார்கள். இருபது வயதுச் சிப்பாய் எங்கே போனாலும் அவன் ஊர்ப் பாட்டும் கூடப் போகும். பில் ஹேலி, எல்விஸ் பிரெஸ்லி, பட்டி ஹோலி என்று இசைத்தட்டுகள் பட்டணத்துக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. ஈப்போவில் ஜூபிலி பார்க் போன்ற கேளிக்கைத் திடல்களில் ஏற்கெனவே பேண்டு வாத்தியமும் நடன மேடையும் இருந்தன. புதுப் பாட்டுக்கு ஆட அங்கே இடம் தயாராக இருந்தது.

இரண்டாவது வழி ஆங்கிலப் பள்ளிக்கூடம். ஈப்போவில் 1895-இல் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளி, 1909-இல் வந்த ஆண்டர்சன், 1912-இல் லசால் சகோதரர்கள் தொடங்கிய செயின்ட் மைக்கேல்ஸ் என்று பேர்பெற்ற பள்ளிகள் இருந்தன. கிராணிமார் வீட்டுப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பிள்ளைகள், ரயில்வேயிலும் அரசாங்க ஆபீசிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். சீனப் பையனும் மலாய்ப் பையனும் தமிழ்ப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டை முணுமுணுத்த இடம் அது. பள்ளிக்கூடத்து ‘டேலண்டைம்’ போட்டி மேடையில் ஏறிய பிள்ளைகளின் கதை இந்த நாட்டில் ஏதோ ஒரு வகையில் தொடர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இயக்குநர் யாஸ்மின் அகமது 2009-இல் அதே பெயரில் எடுத்த படத்தின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவன் தமிழ்ப் பையன் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிள்ளைகளின் கனவில் யார் இருந்தார்கள்? 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷேடோஸ்’ குழுவும் சிங்கப்பூருக்கு வந்தார்கள். ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் கச்சேரி. மலாயாவின் கித்தார்க் காலத்துக்கு அதையே பிள்ளையார் சுழி என்பார்கள். கிளிஃப் ரிச்சர்ட் 1940-இல் லக்னோவில் பிறந்தவர். பீட்டல்ஸ் குழுவுக்கு ரிங்கோ வருவதற்கு முன், 1962 வரை டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் 1941-இல் நம் சென்னையில் பிறந்தவர். அறுபதுகளின் கடைசியில் வீட்டுக்கு வீடு ஒலித்த எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்கும் 1936-இல் அதே சென்னையில் பிறந்தவர்தான். வெள்ளைக்காரன் பாட்டு என்று பெரியவர்கள் எரிச்சல்பட்ட இசைக்குள்ளேயே இந்திய மண்ணில் தவழ்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அப்போது அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

ஷேடோஸ் குழுவை நான் தனியாக நிறுத்திப் பேசக் காரணம் உண்டு. அவர்களுடைய பெரிய வெற்றி 1960-இல் வந்த ‘அப்பாச்சி’. அதில் பாடகர் கிடையாது. ஹாங்க் மார்வின் கையிலிருந்த கித்தார்தான் பாடும், இன்னொரு கித்தார் தாளம் கொடுக்கும், பேஸ் கித்தார் அடியில் நடக்கும், பின்னால் டிரம்ஸ். அறுபதுகளில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு, அப்பா அம்மாவோடு பால்மரம் வெட்டப் போன பையனை நினைத்துப் பாருங்கள். எல்விஸ் பாட வேண்டுமென்றால் அவனுக்கு ஆங்கிலம் வேண்டும். பீட்டல்ஸ் பாடவும் வேண்டும். ‘அப்பாச்சி’ வாசிக்கக் காதும் விரலும் போதும். ஈப்போ பள்ளிக்கூடத்துப் பையனும் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பையனும் சமமாக நின்ற இடம் இந்தக் குரலில்லாத பாட்டு.

அவன் கையில் இருந்தது மின்கித்தார் அல்ல. மலாய்க்காரர்கள் ‘கித்தார் கப்போக்’ என்று சொல்லும் சாதாரண மரப்பெட்டிக் கித்தார். குரோஞ்சோங் பாட்டு வழக்கில் இருந்த நாடு இது; அந்தப் பெட்டிக் கித்தார் இங்கே யாருக்கும் அந்நியம் இல்லை. இரும்புக் கம்பி புதிதாகப் பழகுகிறவனின் இடக்கை விரல் நுனிகளை அறுத்துவிடும். சில வாரங்களில் தோல் காய்த்துப் போகும். கம்பி அறுந்தால் பட்டணம் போக வேண்டும். அதுவரை ஐந்து கம்பியோடு வாசிக்க வேண்டியதுதான். சுருதி கூட்ட வேறு வழி இல்லாதவன், வானொலியில் தெரிந்த பாட்டு வரும்வரை காத்திருந்து அதோடு சேர்த்து முறுக்குவான். நாலு ‘கார்டு’ பிடிக்கத் தெரிந்தால் அந்தக் காலத்துப் பாட்டில் பாதியை ஓட்டிவிடலாம். சி, ஏ மைனர், எஃப், ஜி. இந்த நாலில் எஃப்தான் பாடாய்ப் படுத்தும். ஆள்காட்டி விரலைக் கம்பிகள்மேல் படுக்கவைத்து அழுத்த வேண்டும். பால் வெட்டும் கத்தியை விடிகாலையிலிருந்து பிடித்த கைக்கு அந்த அழுத்தம் பெரிய விஷயமாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்த ஆசை சத்தம். அதற்கு மின்சாரம் வேண்டும்.

இங்கே பேராக் மாநிலத்தின் ஒரு பழைய அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த மாநிலத்துக்கு மின்சாரம் பிந்தி வரவில்லை. பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி 1920-களிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. 1930-இல் கோலகங்சாருக்கு வடக்கே செண்டரோ அணை திறந்தது. அந்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. ஈயக் கப்பல் என்று நம்மவர் சொன்ன ராட்சத வாரிகளை ஓட்டியது. முப்பது ஆண்டு கழித்தும் எத்தனையோ தோட்டங்களில் லயத்து வீடுகள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் கிடந்தன. தோட்டத்துக்குச் சொந்தமாக ஜெனரேட்டர் இருந்தால் வெளிச்சம் முதலில் துரை பங்களாவுக்கு, அப்புறம் ஸ்டோருக்கு, ஆபீசுக்கு, கிராணிமார் வீட்டுக்கு. லயத்துக்கு வந்தாலும் மாலையில் சில மணி நேரம் எரிந்து அணைந்துவிடும். மின்கித்தாரை எங்கே செருகுவது?

அதனால்தான் தோட்டத்தில் கிராணி வீட்டுத் திண்ணைக்கு இசை வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. வால்வு போட்ட பெரிய வானொலிப் பெட்டியின் பின்பக்கத்தில் கிராமபோன் இணைக்க இரண்டு துளைகள் இருக்கும். கித்தாரில் ஒரு பிக்-அப்பை ஒட்டி, அதன் வயரை அந்தத் துளைகளில் செருகினால் வானொலிப் பெட்டியே ஆம்ப்ளிபையர் ஆகிவிடும். உலகெங்கும் காசில்லாத கித்தார்ப் பையன்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இது. சத்தத்தைக் கூட்டினால் பெட்டி கரகரக்கும். இன்னும் கூட்டினால் ஒலிபெருக்கிக் காகிதம் கிழியும். கிராணியாருக்குத் தெரிந்தால் திட்டு. பெரட்டு, பால் வெட்டு, பால் எடுப்பு, ஸ்டோரில் நிறுவை எல்லாம் முடிந்து, குளித்துச் சாப்பிட்டபின் கிடைக்கும் பின்னேரம்தான் ஒத்திகை நேரம். கிராணி வீட்டுக்குள் நுழைய முடியாத பிள்ளைகளுக்குக் கப்போக் கித்தாரும், தகர டின்னும், கோயில் திடலும் போதுமாயிருந்தன.

மூன்றாவது வழிதான் பெரிய வழி. அது திடலில் கட்டிய வெள்ளைத் துணி.

தோட்டத்துத் திடலில் படம் போடும் இரவு எப்படி இருக்கும் என்பதை 19-ஆம் இதழில் விரிவாக எழுதிவிட்டேன், மறுபடி சொல்லவில்லை. 1964-இல் அந்தத் துணியில் என்ன விழுந்தது என்பதை மட்டும் பார்ப்போம். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்தது. ஈஸ்ட்மென் கலர் படம், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. கதையில் டி. எஸ். பாலையா ஓர் எஸ்டேட் முதலாளி. வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் முதலாளியின் பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடித்து, கூட்டாளிகளோடு சேர்ந்து மேற்கத்தியத் தாளத்தில் ஆடிப் பாடி வேலையைத் திருப்பிக் கேட்கிறான். தமிழ்நாட்டு நகரத்துச் சனத்துக்கு அது வேடிக்கைக் காட்சி. இங்கே அதைப் பார்த்தவர்கள் யார்? எஸ்டேட்டிலேயே பிறந்தவர்கள். துரை பங்களாவின் வாசலைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கி நடந்தவர்களின் பிள்ளைகள். சட்டையில் மடிப்புக் கலையாமல், கைகட்டி நிற்காமல், இடுப்பை ஒடித்து ஆடியபடி முதலாளியிடம் நியாயம் கேட்கலாம் என்பதை அவர்கள் முதன்முதலாகத் திரையில் பார்த்தார்கள். ராக் அண்ட் ரோல் உலகெங்கும் இளைஞர்களுக்குக் கொடுத்த தெம்பு எதுவோ, அது நம் தோட்டத்துக்கு இந்தக் காட்சியில் வந்து சேர்ந்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அந்த இளைஞனாக நடித்த ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். அவர் கோலாலம்பூரில் பிறந்தவர். சிறு வயதில் திருச்சிக்குப் போய்ச் செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். தமிழ்த் திரையில் ‘ட்விஸ்ட்’ ஆட்டத்தைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோன முகங்களில் ஒன்று மலாயாவில் பிறந்த முகம். இதை நாம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் ஏ.வி.எம். தயாரிப்பில் ‘சர்வர் சுந்தரம்’ வந்தது. வாலி எழுதி, டி. எம். சௌந்தரராஜனும் எல். ஆர். ஈஸ்வரியும் பாடிய ஒரு பாட்டு அதில் உண்டு. பாட்டைப் பதிவு செய்யும் கூடத்தையே படமாக்கியிருப்பார்கள். மைக்குக்கு முன்னால் சௌந்தரராஜன் நிற்கிறார். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் குழுவை நடத்துகிறார்கள். வயலின்காரர்கள் வில்லை ஒன்றாக ஏற்றி இறக்குகிறார்கள். தாள வாத்தியக்காரர்களின் கையைக் காமிரா கிட்டே போய்க் காட்டுகிறது. நாகேஷ் ஆடுகிறார். அதுவரை பாட்டு என்றால் எம்.ஜி.ஆர். வாயிலிருந்தோ சிவாஜி வாயிலிருந்தோ வருவது என்று இருந்தவர்களுக்கு, ஒரு பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் உட்கார்ந்து உழைக்கிறார்கள் என்று அந்தக் காட்சி காட்டிக் கொடுத்தது. வாத்தியக்காரன் ஆகலாம் என்ற எண்ணம் தோட்டத்துப் பிள்ளைக்கு வர இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

விஸ்வநாதன் குழுவில் கித்தார் வாசித்தவர் பிலிப்ஸ். டிரம்ஸ் வாசித்தவர் நோயல் கிராண்ட். அக்கார்டியன் மங்களமூர்த்தி. ஆங்கிலோ இந்தியர்களும் கிறிஸ்தவக் குடும்பத்து வாத்தியக்காரர்களும் சென்னையின் ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் வாசித்த மேற்கத்திய இசையைப் பகலில் ஸ்டூடியோவுக்கு எடுத்துவந்தார்கள். அதைத் தமிழ்ப் பாட்டாக்கும் வித்தை விஸ்வநாதனிடமும் ராமமூர்த்தியிடமும் இருந்தது. இவர்களுக்கு முன்பே ஜே. பி. சந்திரபாபு, தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர், தமிழ்த் தொண்டையில் ‘யோடலிங்’ செய்து காட்டியிருந்தார். 1966 பொங்கலுக்கு வந்த ‘அன்பே வா’வில் எம்.ஜி.ஆரே ட்விஸ்ட் ஆடிவிட்டார். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துத் தகப்பன் மகனை அதட்ட முடியும்? வாத்தியாரே ஆடியாயிற்று.

ஆக, லயத்துக் கல்யாணத்திலும் தீபாவளிக் கலைநிகழ்ச்சியிலும் வாசித்த இசைக்குழுக்கள் இந்தப் பாட்டுகளை வாசித்தன. ஆர்மோனியமும் டோலக்கும் இருந்த மேடையில் கித்தாரும் போங்கோவும் அக்கார்டியனும் ஏறின. வாசித்த பையன்களைக் கேட்டால் தங்களை ‘ராக்’ வாசிப்பவர்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சினிமாப் பாட்டுக் குழு என்பார்கள். பட்டணத்தில் வெள்ளைக்காரப் பாட்டு வாசித்த குழுவிலிருந்த தமிழ்ப் பையனோ ஜார்ஜ் என்றும் ஜோ என்றும் பேர் வைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் பெயர் மறைந்தது. வரலாற்றில் இவர்கள் காணாமற்போனது இப்படித்தான்.

கோயில் வழியும் ஒன்று உண்டு, மாதா கோயில் வழி. பாகான் செராயில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பு உண்டாகிவிட்டது. ஈப்போ சிலிபினில் லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களின் மையம். 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைத் தாய்மொழியில் நடத்த வாசல் திறந்துவிட்டது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கித்தாரும் பீடத்தருகே வந்தது. கோயிலில் வாசிக்கிற வாத்தியம் கெட்ட வாத்தியம் ஆகாது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வீட்டில் திட்டு வாங்காமல் கித்தார் கற்றுக்கொண்டதற்கு அந்தச் சங்கத்துக்கும் பங்கு உண்டு.

இலங்கையிலிருந்தும் ஒரு காற்று வந்தது. உரும்பிராய்க்காரரான நித்தி கனகரத்தினம் அறுபதுகளின் பின்பாதியில் கித்தாரைக் கையில் வைத்துக்கொண்டு, பைலா தாளத்தில், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே பாட்டுக் கட்டினார். அங்கே அதைப் பொப் இசை என்றும் துள்ளிசை என்றும் சொல்வார்கள். சினிமாவின் தயவு இல்லாமல், தன் ஊர்ப் பேச்சில், தன் ஊர் விஷயத்தை, கித்தாரோடு பாடுவது. தமிழில் அதற்கு முன்மாதிரி அவர்தான் என்று நான் நினைக்கிறேன். பின்னால் வந்த ஏ. ஈ. மனோகரன் அதைத் தமிழ்நாட்டு மேடைவரை கொண்டுபோனார்.

இந்த இடத்தில் மனத்தில் நெடுநாளாக உறுத்தும் ஒன்றை எழுதிவிடுகிறேன். 1965-இல் அமெரிக்காவில் பாப் டிலன் நாட்டுப்பாடல் விழா ஒன்றில் மின்கித்தாரோடு மேடை ஏறினார். ரசிகர்களில் ஒரு பகுதியினர் கூச்சல் போட்டார்கள். அதே ஆண்டு ‘தி பேர்ட்ஸ்’ குழு டிலனின் பாட்டொன்றைப் பன்னிரண்டு கம்பி மின்கித்தாரில் வாசித்து உலகப் புகழ் பெற்றது. ஜார்ஜ் ஹாரிசன் சித்தாரைக் கையில் எடுத்ததும் அந்த ஆண்டுதான். பாட்டன் பூட்டன் பாட்டும் மின்சாரமும் சேர்ந்த அந்த இசைக்கு ‘ஃபோக் ராக்’ என்று பெயர் கிடைத்தது. அதே 1965-இல் பேராக் தோட்டங்களில் என்ன இருந்தது? கப்பலேறி வந்த கதையைச் சொல்லும் பாட்டு இருந்தது. கங்காணியை ஏசும் தெம்மாங்கு இருந்தது. நிரை பிடித்து மரம் வெட்டும் பெண்கள் ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்துப் பாடிய பாட்டு இருந்தது. ஒப்பாரியும் தாலாட்டும் இருந்தன. உறுமியும் தப்பும் இருந்தன. எந்த டிரம்ஸும் அவற்றிடம் தோற்றுப் போகும். கித்தாரும் வந்து சேர்ந்துவிட்டது. எல்லாம் ஒரே லயத்தில், ஒரே திடலில், கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒன்றோடொன்று கை கோக்கவில்லை.

காரணத்தை ஒளிக்க வேண்டியதில்லை. தப்பு சாவு வீட்டுக்கும் ஒரு சாதிக்கும் உரியது என்று நாம் கற்பித்து வைத்திருந்தோம். கடல் தாண்டியும் அந்த அழுக்கு நம்மோடு வந்தது. கித்தார் நாகரிகம், தப்பு கேவலம் என்று மேடைக்கமிட்டிகள் நினைத்தன. கங்காணியை ஏசும் பாட்டைத் தீபாவளி மேடையில் பாட யாருக்குத் துணிவு? துரையும் பெரிய கிராணியும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். சினிமாப் பாட்டு எல்லோருக்கும் பொது, யாரையும் சுடாது. அதனால் அது ஜெயித்தது. தமிழ்நாட்டிலும் இந்தச் சேர்க்கை உடனே நடந்துவிடவில்லை. அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் நாட்டார் மெட்டுகளில் ஊறிவிட்டு, பின்பு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும் கித்தாரும் கற்ற இளையராஜா, 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வர வேண்டியிருந்தது. நாம் பதினோரு ஆண்டு முன்பே தொட்டிருக்கக்கூடிய இடம் அது.

வானொலி சிறிது உதவியது. மலாயா வானொலியின் தமிழ்ப் பகுதி உள்ளூர்க் கலைஞர்களுக்கு மைக்கைக் கொடுத்தது. ‘இசைச் சித்தர்’ ரெ. சண்முகம் உள்ளூரில் எழுதிய தமிழ்ப் பாட்டுகளுக்கு மெட்டமைத்துப் பாடி, அவற்றுக்கு ஒரு மதிப்பை உண்டாக்கினார். பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வந்தபின் லயத்துக்குள்ளும் வானொலி நுழைந்துவிட்டது. மின்கம்பி வராத வீட்டிலும் பாட்டு கேட்டது.

அதற்குள் தோட்டமே கையை விட்டுப் போகத் தொடங்கியது. ஐம்பதுகளில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் பற்றி உங்கு அஜீஸ் 1962-இல் வெளியிட்ட ஆய்வை முன்பே பார்த்தோம். சுங்கை சிப்புட்டின் மகன் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளி மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டத்தையே வாங்கலாம் என்று வழிகாட்டியதும் தெரியும். கித்தார்க் குழுவின் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் விஷயம் எளிது: குழு என்றால் நாலு பேர். தோட்டம் துண்டாகி ஒருவன் குடும்பம் சித்தியவானுக்கும் ஒருவன் குடும்பம் கோலாலம்பூருக்கும் போனால் குழு இல்லை. ஈப்போவுக்குப் பெயர்ந்தவர்களில் பலரும் புந்தோங்கில் குடியேறினார்கள். அங்கே மின்சாரம் இருந்தது. ஆனால் பின்னேரம் இல்லை. பட்டணத்து வேலைக்கு மாலை ஆறு மணி ஆனாலும் முடிவு கிடையாது.

1969 மே 13 கலவரம் பட்டணத்து இரவுகளை மறுபடி ஊரடங்கில் தள்ளியது. அதே காலத்தில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள்.

கித்தாரை விடாதவர்கள் மலாய்ப் பாட்டுக்குப் போனார்கள். பக்கத்து மாநிலமான பினாங்கில் அறுபதுகளின் இறுதியில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள் தொடங்கிய குழு ‘அலிகேட்ஸ்’ ஆனது. ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்துப் பக்குவப்பட்டுத் திரும்பி, 1979-இல் ‘தெரிமா காசே’ என்ற மலாய் இசைத்தட்டை வெளியிட்டார்கள். நாடே அதைப் பாடியது. சுருட்டை முடியை வானளாவ வளர்த்த இரண்டு தமிழர்கள் மலாய் வீடுகளின் வரவேற்பறைக்குள் உரிமையோடு உட்கார்ந்தார்கள். லோகா 2007-இல் காலமானபோது இன வேறுபாடு பார்க்காமல் அழுத நாடு இது. அவர்கள் தமிழில் பாடாமல் மலாயில் பாடியதைக் குறையாகச் சொல்கிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். குறை அவர்களிடம் இல்லை. சொந்தத் தமிழ்ப் பாட்டை வாங்கிக் கேட்கும் சந்தையை நாம்தான் அவர்களுக்கு அமைத்துக் கொடுக்கவில்லை. 2006-இல் யோகி பி–நட்சத்திரா குழு ‘வல்லவன்’ இசைத்தட்டைக் கொண்டுவந்து தமிழ் ராப்பை உலகத் தமிழருக்கு அறிமுகம் செய்தபோதும், அதில் பெரிதாக எடுபட்ட பாட்டு இளையராஜாவின் 1980-ஆம் ஆண்டுத் திரைமெட்டின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. திடலில் கட்டிய அந்த வெள்ளைத் துணியின் பிடி இன்னும் தளரவில்லை.

தமிழ்ப் பள்ளிகளில் இன்று பிள்ளைகளுக்குப் பறையும் உறுமியும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் கித்தாரும் இருக்கிறது. அந்த இரண்டு அறைக்கும் நடுவே இருக்கும் கதவைத் திறந்துவைக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வேலை பெர்மிட் சட்டத்தால் பேராக் தோட்டங்களில் குடும்பங்கள் பிரிந்த கதை அடுத்த இதழில்.